இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

இசைக்கு மயங்காத உள்ளம் உலகில் உண்டோ? தாலாட்டில் தொடங்கி ஆலயப் பாடல்வரை நம் வாழ்வோடு இசை பின்னிக் கிடக்கிறது. ஆனால் ஒரு பாட்டைக் கேட்டு மகிழ்ந்ததும் நாம் யாரைப் பாராட்டுகிறோம்? பாடியவரை. சற்று விவரம் அறிந்தவர்கள் இசையமைப்பாளரையும் கவிஞரையும் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டுப் பரணில் பழைய சினிமா இசைத்தட்டு கிடந்தால் எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் படத்தின் பெயர், பாடகரின் பெயர், இசையமைப்பாளரின் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாம் இருக்கும். நெஞ்சை உருக்குகிறதே, அந்தப் புல்லாங்குழலை ஊதியவர் யார்? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

இந்தக் கேள்வியோடு வாசகியரை வெகு தொலைவிலுள்ள ஒரு தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காதான் அது. அதன் தலைநகரான கிங்ஸ்டன் என்றதும் நம் அண்ணன்மாருக்குச் சபீனா பார்க் கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வரும். நாங்கள் சொல்ல வந்தது வேறு. 'ரெகே' என்னும் இசை பிறந்த நகரம் அது. அந்த இசை தவழ்ந்து நடை பழகிய வீடு, 'ஸ்டூடியோ ஒன்' என்னும் ஒலிப்பதிவுக் கூடம். ரெகே என்றாலே பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதை நாங்கள் அறிவோம். சடைமுடியும் கஞ்சாப் புகையுமே அவர்கள் கண்முன் நிற்கின்றன. அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இந்த இசையின் வேர்களுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால், அது ஒரு கன்னியர் மடத்தின் பாண்டு வாத்திய அறையில் அல்லவா கொண்டுபோய் நிறுத்துகிறது!

ஸ்டூடியோ ஒன்னின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதன் உரிமையாளரில் தொடங்கி, உலகப் புகழ் பெற்ற பாடகர்களில் முடித்துவிடுகிறார்கள். வாசித்தவர்களும் அவர்களைப் பழக்கியவர்களும் நடுவே எங்கோ ஒரு வரியில் வந்து போகிறார்கள். இது நியாயமன்று என்பதே எங்கள் கருத்து. முதலில் உரிமையாளரின் கதையைச் சொல்லிவிடுகிறோம். அதுவும் சுவையான கதைதான்.

கிளெமென்ட் சேமூர் டாட் 1932ஆம் ஆண்டு கிங்ஸ்டனில் பிறந்தவர். பள்ளியில் நன்றாகக் கிரிக்கெட் ஆடுவார். இங்கிலாந்தின் யார்க்ஷயர் அணியில் அந்நாளில் பேர் பெற்றிருந்த அலெக் காக்ஸன் என்ற ஆட்டக்காரரின் பெயரை நண்பர்கள் இவருக்குச் சூட்டினார்கள். அதுவே 'காக்ஸோன்' என்று நிலைத்துவிட்டது. பெற்றோர் நடத்திய கடையில் வாடிக்கையாளர்களுக்கு இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவது இளைஞர் டாடின் பொழுதுபோக்கு. பிறகு கரும்பு வெட்டும் கூலியாக அமெரிக்காவின் தென்பகுதிக்குப் போனார். அங்குள்ள கறுப்பின மக்களின் இசை அவரை ஆட்கொண்டது. ஊர் திரும்பும்போது இசைத்தட்டுகளோடு வந்தார். 1954இல் 'டவுன்பீட்' என்ற பெயரில் ஒலிபெருக்கித் தொழிலைத் தொடங்கினார்.

நம் ஊர்த் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் சவுண்டு சர்வீஸ்காரர் வருகிறாரல்லவா? அதைப்போன்றதுதான். ஆனால் ஜமைக்காவில் அது வெறும் வாடகைத் தொழிலாக நிற்கவில்லை. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாத ஏழை மக்கள் காசு கொடுத்து உள்ளே வந்து, ஆளுயரப் பெட்டிகளின் முன் இரவெல்லாம் ஆடுவார்கள். யாருடைய செட் பெரிது, யாரிடம் புதுத் தட்டு இருக்கிறது என்பதில் கடும் போட்டி. முன்னாள் போலீஸ்காரரான டியூக் ரீட் என்பவர் டாடின் பெரும் எதிராளி. நல்ல தட்டு ஒன்று கிடைத்தால், மற்றவர்களுக்கு அது என்ன பாட்டு என்று தெரிந்துவிடக் கூடாதே என்று நடுக்காகிதத்தைச் சுரண்டிவிடுவார்கள். வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் தட்டு ஒன்றை அப்படிச் சுரண்டி, அதற்குக் 'காக்ஸோன் ஹாப்' என்று தம் பெயரையே வைத்து டாட் வாசித்துக்கொண்டிருந்தார். டியூக் ரீட் எப்படியோ உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து அதே தட்டைத் தம் மேடையிலும் முழங்கச் செய்தபோது, டாடுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம்! இதைப் படிக்கும்போது நாங்களும் சிரித்தோம். ஆனால் வாசித்தவரின் பெயரைச் சுரண்டி எறிவதில்தான் இந்தத் தொழில் தொடங்கியது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

அமெரிக்காவில் இசையின் போக்கு மாறியது. ஜமைக்கா மக்கள் விரும்பிய வகைத் தட்டுகள் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே டாடும் மற்றவர்களும் தாங்களே பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். முதலில் பிறருடைய கூடத்தில் வாடகைக்குப் பதிவு செய்தார்கள். 1962 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே, பிரென்ட்ஃபோர்டு சாலை 13ஆம் எண் கட்டடத்தில், முன்பு இரவு விடுதியாக இருந்த இடத்தில், டாட் தம் சொந்தக் கூடத்தைத் திறந்தார். கறுப்பினத்தவர் ஒருவர் அந்நாட்டில் சொந்தமாக நிறுவிய முதல் ஒலிப்பதிவுக் கூடம் இதுவே என்பார்கள். முந்நூறு ஆண்டுகள் ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்டுக் கிடந்த மண்ணில் அது எத்தகைய பெருமை என்பதை நாம் எளிதில் உணரலாம்.

அக்காலத்தில் அங்கே இருந்தது ஒற்றைத் தடப் பதிவுக் கருவி. அதாவது பாடுகிறவர், ஊதுகிறவர், தட்டுகிறவர் அனைவரும் ஓர் அறையில் நின்று ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் பிசகினாலும் பத்துப் பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிழையை வெட்டி ஒட்டும் வித்தையெல்லாம் அப்போது இல்லை. அன்று அங்கே பிறந்த இசைக்கு 'ஸ்கா' என்று பெயர். தாளம் போடும் கை கீழே விழும்போது அல்ல, மேலே எழும்போது கிதாரும் பியானோவும் வெட்டி ஒலிக்கும். கேட்கிறவரின் கால் தானாக ஆடிவிடும். 1966 வாக்கில் இந்த நடை வேகம் குறைந்து 'ராக்ஸ்டெடி' ஆயிற்று. 1968 வாக்கில் மேலும் உருமாறி ரெகே ஆயிற்று. மூன்றும் அந்தக் கூடத்தின் சுவர்களைக் கேட்டால் சாட்சி சொல்லும்.

ஆனால் கட்டடம் கட்டினால் இசை வந்துவிடுமா? இவ்வளவு நுட்பமாக வாசிக்கிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இசைக் கல்லூரியா இருந்தது அந்த ஏழைகளுக்கு? இங்கேதான் நாம் சபீனா பார்க் அமைந்துள்ள அதே சவுத் கேம்ப் சாலைக்குப் போக வேண்டும்.

1880ஆம் ஆண்டு ஜெஸ்ஸி ரிப்போல் என்ற கத்தோலிக்கப் பெண்மணி, 'ஆல்ஃபா' என்ற சிறு வீட்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து இலண்டனிலிருந்து இரக்கத்தின் சகோதரிகள் சபையைச் சேர்ந்த கன்னியர் வந்து சேர்ந்தார்கள். ஜெஸ்ஸியும் அச்சபையில் சேர்ந்து துறவியானார். அனாதைச் சிறுவர்களும், சொல் பேச்சுக் கேட்காதவர்கள் என்று வீட்டாராலும் நீதிமன்றத்தாலும் அனுப்பப்பட்ட சிறுவர்களும் ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் தங்கிப் படித்தார்கள். அச்சுக்கோப்பு, தையல், தச்சு, தோட்ட வேலை என்று ஆளுக்கொரு தொழில் கற்பித்தார்கள். அத்தொழில்களுள் ஒன்றாகவே பாண்டு வாத்தியமும் இருந்தது. கலை வளர்க்க வேண்டும் என்ற பெரிய பேச்செல்லாம் இல்லை. டிரம்பெட் ஊதத் தெரிந்தால் பட்டாளத்து பாண்டில் வேலை கிடைக்கும், பையன் பிழைத்துக்கொள்வான், அவ்வளவுதான். கட்டுப்பாடு கடுமையானது. அது ஒரு பூஞ்சோலை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் இருந்த இடம் எப்படிப் பூஞ்சோலையாகும்? ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு கருவி கொடுக்கப்பட்டது. நாள்தோறும் மணிக்கணக்காகப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது.

1939இல் அங்கே வந்து சேர்ந்தார் அருட்சகோதரி மேரி இக்னேஷியஸ் டேவிஸ். அவரும் ஜமைக்காவில் பிறந்தவரே. 2003 பிப்ரவரியில் இறைவனடி சேரும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆல்ஃபாவே அவர் உலகம். மெலிந்த உருவம், துறவற உடை. ஆனால் அந்தக் கைகளால் பையன்களுக்குக் கிரிக்கெட், கால்பந்து, ஏன், குத்துச்சண்டைகூடப் பயிற்றுவித்தாராம்! அதைவிட வியப்பு, அவர் வைத்திருந்த இசைத்தட்டுக் குவியல். ஜாஸ், புளூஸ், செவ்வியல் இசை, உள்ளூர் இசை என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. கடைக்கு ஆள் அனுப்பிப் புதுத் தட்டுகளை வாங்கி வரச் செய்வார். சொந்தமாக ஒலிபெருக்கி செட்டும் உண்டு. சனிக்கிழமைகளில் தாமே நின்று தட்டுகளை மாற்றிப் போட்டு, இந்த இடத்தில் டிரம்பெட் எப்படி நுழைகிறது பார், அந்த இடத்தில் சாக்ஸபோன் எப்படி விடை சொல்கிறது பார் என்று பையன்களைக் கேட்க வைப்பார். கன்னியர் மடத்துக்குள் நடன இசையா என்று கேட்கத் தோன்றும். பிள்ளைகளுக்கு எதில் உயிர் இருக்கிறது என்று கண்டு, அதையே பிடித்துக்கொண்டு அவர்களைக் கரையேற்றியவர் அவர். மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் நல்ல ஆயனின் உவமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் கையில் வளர்ந்தவர்கள் யார் யார்? டிராம்போன் மேதை டான் டிரம்மண்ட், சாக்ஸபோன் கலைஞர்கள் டாமி மெக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், டிரம்பெட் கலைஞர் ஜானி மூர். இந்த நால்வரும் 1964இல் உருவான 'ஸ்கட்டலைட்ஸ்' குழுவின் தூண்கள். ஜானி மூரைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வார்கள். ஆல்ஃபாவில் சேர்ந்தால் டிரம்பெட் கற்கலாம் என்று கேள்விப்பட்டு, அங்கே அனுப்பப்பட வேண்டும் என்பதற்காகவே வீட்டில் வேண்டுமென்றே குறும்பு செய்தாராம். லென்னி ஹிபர்ட் என்பவர் ஆல்ஃபாவில் படித்து, அங்கேயே பாண்டு மாஸ்டராகி, பிறகு ஸ்டூடியோ ஒன்னில் வைப்ரபோன் வாசித்துத் தனித் தட்டும் வெளியிட்டார். அவருக்குப் பின்னும் வின் கார்டன், செட்ரிக் புரூக்ஸ் என்று வரிசை நீள்கிறது. ஸ்டூடியோ ஒன்னின் ஊதுவாத்தியப் பகுதியே ஆல்ஃபாவின் பழைய மாணவர் சங்கம் என்றால் மிகையாகாது.

இந்த ஸ்கட்டலைட்ஸ் குழுவினர்தாம் அந்தக் கூடத்துக்கு வந்த பாடகர்களுக்கெல்லாம் பின்னணி வாசித்தவர்கள். கிங்ஸ்டனின் சேரிப் பகுதியிலிருந்து 'வெய்லர்ஸ்' என்ற இளைஞர் குழு பாட வந்தது. அதில் ஒருவர்தான் பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய பாப் மார்லி. முரட்டுத்தனத்தில் இறங்கிய இளைஞர்களை அடங்கியிருக்கச் சொல்லும் 'சிம்மர் டவுன்' என்ற அவர்களுடைய பாட்டு 1964இல் தீவையே கலக்கியது. பாப் மார்லியின் பெயர் இன்று சட்டையிலும் பையிலும் அச்சடித்து விற்கப்படுகிறது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் டிராம்போனும் டிரம்பெட்டும் ஊதியவர்களின் பெயரைச் சொல்லும்படி அந்தச் சட்டை அணிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

டான் டிரம்மண்டின் கதை சோகமானது. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் மறைக்க விரும்பவில்லை. சிறுவனாக ஆல்ஃபாவுக்கு வந்து, இசையில் மற்ற எல்லாரையும் விஞ்சி, அங்கேயே கற்பிக்கவும் செய்தவர் அவர். ஆனால் மனநோய் அவரை அரித்தது. 1965 ஜனவரித் தொடக்கத்தில், அவருடன் வாழ்ந்த நடனக் கலைஞர் அனிதா மஹ்ஃபூத் அவர் கையாலேயே கொல்லப்பட்டார். நீதிமன்றம் டிரம்மண்டை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பியது. 1969 மே மாதம் அங்கேயே இறந்தார். ஸ்கட்டலைட்ஸ் குழுவும் 1965இலேயே கலைந்தது. இந்த நிகழ்ச்சியை எழுதுகிறவர்கள், மேதை வீழ்ந்தாரே என்று கண்ணீர் விடுகிறார்கள். விடட்டும். ஆனால் 'மார்கரிட்டா' என்ற பெயரில் மேடை ஏறிய அந்தப் பெண்ணும் ஒரு கலைஞரே. அவரும் பாடல் பதிவு செய்திருக்கிறார். பல இடங்களில் அவரை டிரம்மண்டின் காதலி என்று மட்டும் குறிப்பிட்டு நகர்ந்துவிடுவதைப் பார்க்கும்போது, பெண்களாகிய எங்களுக்கு நெஞ்சு வலிக்கிறது.

குழு கலைந்தாலும் கூடம் நிற்கவில்லை. பதினாறு வயதில் ஸ்கட்டலைட்ஸில் பியானோ வாசித்த ஜாக்கி மிட்டூ, இப்போது கூடத்தின் இசைப் பொறுப்பாளர் ஆனார். 'ஹெப்டோன்ஸ்' குழுவின் பாடகர் லெராய் சிபில்ஸ் பேஸ் கிதார் கற்று அவருக்குத் துணை நின்றார். பதிவுப் பொறியாளர் சில்வன் மாரிஸ், பேஸ் ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒலியைப் பிடித்தால் அது உருண்டு திரண்டு வரும் என்று கண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப் பாடகர்களுக்குத் தேர்வு நடக்கும். வாசலில் கூட்டம் நெரியும். வார நாள்களில் மிட்டூவும் குழுவினரும் புது மெட்டுகளை வார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே நாளில் ஐந்து மெட்டு என்பதெல்லாம் அங்கே சாதாரணம் என்கிறார்கள். நாம் ஒரு கட்டுரை எழுதவே ஒரு வாரம் கேட்கிறோம்!

அந்த வாத்தியக் குழுவுக்கு வைக்கப்பட்ட பெயர்களைக் கவனியுங்கள். ஒரு காலம் 'சோல் வெண்டர்ஸ்', பிறகு 'சவுண்ட் டைமென்ஷன்', ஒரு சமயம் 'பிரென்ட்ஃபோர்டு ஆல் ஸ்டார்ஸ்'. கடைசியது சாலையின் பெயர். நடுவிலுள்ளது எதன் பெயர் தெரியுமா? டாட் வாங்கிப் போட்ட ஓர் எதிரொலிக் கருவியின் பெயர்! உயிருள்ள மனிதர்களின் வாசிப்பு ஒரு கருவியின் பெயரில் வெளியாயிற்று. ஆள்கள் மாறலாம், சிலர் விலகலாம், சிலர் வெளிநாடு போகலாம். பெயர் மட்டும் மாறாமல் கூடத்தின் சொத்தாக இருக்கும். இந்த ஒரு செய்தியே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஜமைக்காவில் 'ரிதிம்' என்று ஒன்று உண்டு. டிரம்மும் பேஸும் சேர்ந்த அடித்தளம் அது. ஒரு பாட்டுக்காக வாசித்த அடித்தளத்தை எடுத்து, அதன்மேல் இன்னொருவர் வேறு பாட்டுப் பாடலாம், மற்றொருவர் பேசலாம். சவுண்ட் டைமென்ஷன் 1960களின் இறுதியில் வாசித்த 'ரியல் ராக்' என்ற இசைத்துண்டின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் எழுந்திருக்கின்றன. வில்லி வில்லியம்ஸ் அதன்மேல் பாடிய பாட்டை 1979இல் இங்கிலாந்தின் 'கிளாஷ்' என்ற ராக் குழுவும் பாடியது. அந்த மூலப்பதிவில் டிராம்போன் ஊதியவர் நாம் மேலே சொன்ன ஆல்ஃபா மாணவர் வின் கார்டன். 1970களின் பிற்பகுதியில் டாடே தம் பழைய நாடாக்களை எடுத்து, சுகர் மினாட் போன்ற புதியவர்களை அவற்றின்மேல் பாட வைத்தார். மற்ற கூடத்தாரோ அதே மெட்டுகளைத் தங்கள் ஆள்களைக் கொண்டு வாசிக்கச் செய்து வெளியிட்டார்கள்.

அடித்தளம் வாசித்தவருக்கு என்ன கிடைத்தது? அன்றைய கூலி, அல்லது வாரச் சம்பளம். அவ்வளவே. பாட்டு எத்தனை நாட்டில் எத்தனை முறை மறுபிறவி எடுத்தாலும் அவர் கைக்கு வேறு ஒன்றும் வராது. கணக்குத் தீரவில்லை என்ற மனக்கசப்போடு பிரிந்தவர்கள் பலர். மிட்டூ கனடாவுக்குப் போனார். 1973இல் சிபில்ஸும் கனடா சேர்ந்தார்.

டாடின் பக்கமும் நியாயம் பேச இடமுண்டு. இதை நாங்கள் மழுப்ப விரும்பவில்லை. வாத்தியம் வாங்கியவர் அவர். மின்கட்டணம் கட்டியவர் அவர். வாரம் தவறாமல் சம்பளம் கொடுத்து, கலைஞர்கள் கூடி ஆராய்ச்சி செய்ய ஓர் அறை கொடுத்தவர் அவர். வீடில்லாத பாப் மார்லிக்குக் கூடத்தின் பின்புறத்தில் படுக்க இடம் கொடுத்தவரும் அவரே. வெளியிட்ட தட்டெல்லாம் விற்றுவிடவில்லை. விற்றவற்றையும் பிறர் திருட்டுத்தனமாக அச்சடித்தார்கள். அவர் இல்லையென்றால் இந்த இசையில் பாதி காற்றோடு போயிருக்கும். இதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். சரி. ஆனால் நிலத்தை வைத்திருப்பவர் உழுதவனுக்கு ஒருநாள் கூலி கொடுத்துவிட்டால், ஐம்பது வருடத்து அறுவடையும் தமக்கே என்று சொல்லலாமா? பணத்தைப் பற்றிய வழக்கைத் தீர்ப்பது பதினைந்து வயதுப் பெண்களாகிய எங்கள் வேலையன்று. பெயரைப் பற்றியது அப்படியன்று. பெயர் அச்சிடக் காசு ஆவதில்லை. இடம் இல்லை என்ற சாக்கும் செல்லாது.

எங்கள் வயதுப் பெண் ஒருத்தியின் கதையைக் கேளுங்கள். டான் பென் 1952இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். பதினைந்து வயதில், 1967இல், ஸ்டூடியோ ஒன்னில் 'யூ டோண்ட் லவ் மீ' என்ற பாட்டைப் பாடினார். பாட்டு தீவெங்கும் ஒலித்தது. சில ஆண்டுகளில் அவர் ஜமைக்காவை விட்டு வேறு தீவுக்குப் போய், பாட்டை மறந்து வேலை பார்த்துப் பிழைத்தார். 1987இல் திரும்பி வந்தார். அந்தப் பழைய பாட்டையே 1994இல் மறுபடி பாடி வெளியிட்டபோது அது இங்கிலாந்தில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. இருபத்தேழு ஆண்டுகள்! இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பாட்டு அமெரிக்கப் பாடகர் வில்லி காப்ஸ் 1960இல் பாடியதன் வழி வந்தது. ஆக, பெயர் மறைந்துபோவது ஒரு தீவின் நோய் மட்டுமன்று. ஏழை ஏழையிடமிருந்து எடுப்பதும், அதை எங்கோ ஒருவர் விற்றுக் காசாக்குவதும் எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது.

இன்னொன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பள்ளி மாணவர்கள் ஐவர் சேர்ந்த 'மியூசிகல் யூத்' குழு, 1982இல் 'பாஸ் தி டச்சி' என்ற பாட்டால் அந்நாட்டில் முதலிடம் பெற்றது. மூலப்பாட்டில் புகைக்குழாயைக் குறித்த சொல்லை, பிள்ளைகள் பாடுவதற்காகச் சமையல் பாத்திரத்தைக் குறிக்கும் சொல்லாக மாற்றினார்கள். (நம் ஆசிரியைகள் பெருமூச்சு விடலாம்!) அந்தப் பாட்டுக்கு அடித்தளம், ஸ்டூடியோ ஒன்னில் சவுண்ட் டைமென்ஷன் வாசித்த 'ஃபுல் அப்'. அதன் பேஸ் தம் கைவண்ணம் என்று லெராய் சிபில்ஸ் உரிமை கோரினார். உலகமே முணுமுணுத்த பாட்டுக்கு நான்தான் அடித்தளம் போட்டேன் என்று ஒரு மனிதர் தாமே வந்து சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் இந்த அவலம் வந்திருக்குமா?

ஜமைக்காவில் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது 1993இல்தான். அதற்குமுன் நடப்பில் இருந்தது ஆங்கிலேயர் காலத்துப் பழைய சட்டம். ஜாக்கி மிட்டூ 1990இலேயே காலமாகிவிட்டார்.

டாடும் 1980களில் கிங்ஸ்டன் கூடத்தை மூடிவிட்டு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, அங்கே இசைத்தட்டுக் கடை நடத்தினார். 1990களின் இறுதியில் திரும்பினார். 2004இல் அரசு விழா எடுத்து, பிரென்ட்ஃபோர்டு சாலைக்கு 'ஸ்டூடியோ ஒன் பூலவார்டு' என்று பெயர் சூட்டியது. சில நாள்களிலேயே, மே மாதத் தொடக்கத்தில், தம் கூடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பால் அவர் காலமானார். தம் உழைப்புக்கு ஊர் தந்த மரியாதையைக் கண்ணால் கண்டுவிட்டுப் போனார் என்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. 2018இல் ஜமைக்காவின் ரெகே இசையை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆல்ஃபாவிலோ 2014இல் மாணவர் தங்கும் இல்லம் மூடப்பட்டாலும், இசைக் கல்வி தொடர்ந்தது.

ஆகவே நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். ஸ்டூடியோ ஒன்னின் வரலாறு 1963இல் பிரென்ட்ஃபோர்டு சாலையில் தொடங்கவில்லை. அது சவுத் கேம்ப் சாலையில், ஒரு பையனின் கையில் பழைய டிராம்போன் ஒன்றைக் கொடுத்த நாளில் தொடங்கிவிட்டது. அந்தக் கூடத்தின் பழைய பதிவுகளைப் புதுப்பித்து வெளியிடுகிறவர்கள், பாடகருக்குக் கொடுக்கும் அதே அளவு எழுத்தில் வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் தேடி அச்சிட வேண்டும். வாழும் முதிய கலைஞர்கள் சிலர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு யாரைக் கேட்பது?

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் வீட்டை மறக்கலாமா? நம் பள்ளி ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். தலைமை தாங்குபவர் பெயர் இருக்கிறது. பரிசு வழங்குபவர் பெயர் இருக்கிறது. நடனம் ஆடுகிறவர்கள் பெயரும் இருக்கிறது. அந்த நடனத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவள், திரைக்குப் பின்னால் நின்று கால் கடுக்கப் பாடியவர்கள், வெயிலில் மூன்று வாரம் பயிற்சி செய்த பாண்டு மாணவிகள் எல்லாரும் 'இசை: பள்ளிக் குழுவினர்' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு நிரலில் அவர்கள் பெயரையும் வகுப்பையும் அச்சிடுமாறு தலைமைச் சகோதரியைப் பணிவுடன் வேண்டுகிறோம். உள்பக்கத்தில் இடம் போதாதென்றால், பின் அட்டை எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.